அன்பு தெரியும்… நட்பு தெரியுமா? சாணக்யபுரியில் தொடங்கும் 11 அதிசயங்கள்!

டில்லிக்குப் போகிற தமிழருக்குச் சாணக்யபுரி அந்நிய ஊராகத் தோன்றாது. நம் தமிழ்நாடு இல்லம் அங்கேதான்! வாசல் இறங்கி நடந்தால் தெருப்பலகைகளே நீதிநூல் ஓதும். சாந்தி பத், சத்ய மார்க், நியாய மார்க், நீதி மார்க், விநய மார்க்! அமைதி, உண்மை, நியாயம், நீதி, பணிவு என்று காலடியிலேயே அறநெறி விரிந்து கிடக்கிறது. இருபுறமும் தூதரகங்கள், விதவிதமான கொடிகள். எந்த நாட்டுத் தூதரைக் கேட்டாலும் முதலில் வரும் சொல் ஒன்றுதான்: நட்புறவு!

நாடுகள் கையெழுத்துப் போட்டு நண்பர்களாகின்றன. மனிதர்கள் எப்படி ஆகிறார்கள்? கிறிஸ்தவ விசுவாசம் இந்தக் கேள்விக்குத் தந்த பதில், தமிழ்க் கடற்கரையிலும் டில்லித் தெருவிலும் திருப்பத்தூர் வெயிலிலும் வாழ்ந்து காட்டப்பட்டிருக்கிறது. படித்துப் பாருங்கள், வியந்து போவீர்கள்!

1. அரசுக்கு ஏழு உறுப்பு. ஏழாவது எது தெரியுமா?

சாணக்யபுரிக்குப் பெயர் தந்த சாணக்கியரின் அர்த்தசாஸ்திரம் அரசுக்கு ஏழு உறுப்புகள் சொல்கிறது. அரசன், அமைச்சன், நாடு, கோட்டை, கருவூலம், படை என்று போய், கடைசியில் வருவது ‘மித்ரன்’. ஆம், நண்பன்! நம் வள்ளுவரும் அரசனுக்கு வேண்டிய ஆறில் ஒன்றாக நட்பை வைத்தார். அத்தோடு விட்டாரா? 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்களை நட்புக்கே ஒதுக்கினார்! ஆனால் இந்த அரசியல் கணக்கில் நண்பன் என்பவன் அரசனுக்குப் பலம். அரசனே தன் பணியாளைப் பார்த்து ‘நீ என் நண்பன்’ என்று சொன்னால் என்ன ஆகும்?

2. ஒரே இரவில் வேலைக்காரர் நண்பரான கதை தெரியுமா?

இயேசு சிலுவைக்குப் போவதற்கு முந்தின இரவு. சீஷர்களின் கால்களைக் கழுவுகிறார். கால் கழுவுவது அந்தக் காலத்தில் அடிமையின் வேலை! அதன்பின், இனி உங்களை ஊழியக்காரர் என்று சொல்லமாட்டேன், சிநேகிதர் என்றே சொல்லுகிறேன் என்ற பொருளில் பேசுகிறார். காரணமும் சொல்கிறார்: எஜமான் செய்வது வேலைக்காரனுக்குத் தெரியாது; நான் பிதாவிடம் கேட்டதையெல்லாம் உங்களுக்குச் சொல்லிவிட்டேனே! மறைக்க ஒன்றுமில்லாத இடத்தில் நட்பு பிறக்கிறது என்பதே அதன் சாரம்.

இன்னும் கேளுங்கள். அதே இரவில், தோட்டத்தில், முத்தமிட்டுக் காட்டிக்கொடுக்க யூதாஸ் வருகிறான். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின்படி இயேசு அவனை அழைத்த சொல் என்ன தெரியுமா? ‘சிநேகிதனே’! துரோகம் கன்னத்தைத் தொட்ட அந்த நொடியிலும் உறவின் கதவை அவர் சாத்தவில்லை. படிக்கும்போதெல்லாம் நெஞ்சு நடுங்குகிறது.

3. நண்பர்களின் கையெழுத்தை மார்பில் சுமந்த தூதர் யார் தெரியுமா?

சாணக்யபுரியின் நீதி மார்க்கில் ஒரு தூதரகம் இருக்கிறது. அதை அனுப்பிய நாட்டின் பரப்பு அரை சதுர கிலோமீட்டர்கூட இல்லை, வெறும் 0.44 தான்! உலகின் மிகச் சிறிய நாடான வத்திக்கான். அதன் தூதருக்கு ‘நுன்சியோ’ என்று பெயர், செய்தி கொண்டுவருபவர் என்று பொருள். இந்தியாவுக்கும் வத்திக்கானுக்கும் இடையே தூதரக உறவு ஏற்பட்டது 1948-இல்.

ஆனால் அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நுன்சியோ நம் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார்! அவர்தான் புனித பிரான்சிஸ் சவேரியார். 1541-இல் லிஸ்பனில் கப்பலேறியபோது போப்பாண்டவரின் நியமனக் கடிதம் அவர் கையில் இருந்தது. 1542-இல் நம் கடற்கரைக்கு வந்த அவர், சிறு மணியை ஆட்டிக்கொண்டே தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டினார். பாரிஸில் படித்தபோது பீட்டர் ஃபேபர், இக்னேஷியஸ் லொயோலா ஆகிய இருவரும் அவருடைய அறைத்தோழர்கள். அந்த மாணவர் விடுதி நட்பிலிருந்து முளைத்ததுதான் உலகெங்கும் பரவிய இயேசு சபை!

பல்லாயிரம் மைல் தள்ளி வந்த பிறகு அந்த நண்பர்களை எப்படி மறப்பார்? அவர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து கையெழுத்துகளை மட்டும் வெட்டி எடுத்து, எப்போதும் உடலோடு வைத்துக்கொண்டார். சாணக்யபுரியில் கையெழுத்துகள் கோப்புக்குள் தூங்குகின்றன. சவேரியாரிடம் அவை இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தன!

4. தமிழ் வேதாகமம் கட்டிக்காத்த நுட்பம் தெரியுமா?

உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் பேதுருவிடம் மூன்று முறை ஒரே கேள்வியைக் கேட்கிறார். ஒரே கேள்வியா? கிரேக்க மூலத்தில் இல்லை! முதல் இரண்டு தடவை ‘அகாபே’ வழிவந்த அன்பின் சொல், மூன்றாம் தடவை ‘ஃபிலியா’ வழிவந்த நட்பின் சொல். ஆங்கில மொழிபெயர்ப்புகள் பல இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டன. நம் பழைய தமிழ் வேதாகமத்தைத் திறந்து பாருங்கள்! முதல் இரண்டு இடங்களில் ‘அன்பு’, மூன்றாவது இடத்தில் ‘நேசம்’. எவ்வளவு கூர்மையான காது அந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு!

இரண்டு சொல்லுக்கும் பொருள் ஒன்றுதான் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. ஆனால் பேதுரு மூன்று பதிலிலும் நேசத்தின் சொல்லையே சொன்னான், கடைசியில் ஆண்டவரும் அவன் சொல்லுக்கே வந்து சேர்ந்தார் என்று வாசிக்கிறபோது கண் கலங்குகிறது. அவனால் எட்ட முடிந்த படிக்கு அவரே இறங்கி வந்தார்!

5. அன்புக்கு எத்தனை வினைச்சொல் தெரியுமா?

திருமண வீடுகளில் ஒலிக்கும் பவுலின் அன்பு அதிகாரம், கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 13-ஆம் அதிகாரம். அதில் 4 முதல் 7 வரையுள்ள வசனங்களில் அன்பை விவரிக்க கிரேக்கத்தில் 15 வினைச்சொற்கள். அத்தனையும் வினை! பொறுப்பது, தயவு செய்வது, பொறாமைப்படாமல் இருப்பது, தாங்குவது என்று நீள்கிறது பட்டியல். அன்பு எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்கு, அன்பு என்ன செய்யும் என்று பதில் சொல்லியிருக்கிறார் பவுல். அந்தக் கடிதம் மணமக்களுக்காக எழுதப்பட்டதும் இல்லை. கட்சி கட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு சபைக்குப் போனது!

6. எடின்பரோ மேடையை அதிரவைத்த தமிழர் யார் தெரியுமா?

இந்தப் பதினொன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 1910 ஜூன் மாதம், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு. சுமார் 1,200 பிரதிநிதிகள். ஆசியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்னும்படி சிறு கூட்டம். அவர்களில் ஒருவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. வயது 35!

எழுந்தார். மிஷனரிகளின் தியாகத்தை மனதாரப் போற்றினார். பிறகு, அந்தச் சபையில் யாரும் சொல்லத் துணியாததைச் சொன்னார். நீங்கள் உழைக்கிறீர்கள், உங்களையே கொடுக்கிறீர்கள்; ஆனால் உங்களோடு ஊழியம் செய்யும் இந்தியர்களோடு நண்பர்களாகப் பழகுகிறீர்களா? அன்பு காட்டுங்கள், எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்று கேட்டு முடித்தார்.

அரங்கில் பலருக்கு அதிர்ச்சி, சிலருக்குக் கோபம். யோசித்துப் பாருங்கள்! பள்ளிக்கூடம் கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை. சரிசமமாக உட்கார ஓர் இடம் கேட்டார். உதவி என்பது மேலிருந்து கீழே வந்துவிடும். நட்பு அப்படி வராது, அதற்கு ஒரே திண்ணையில் உட்கார வேண்டும். இயேசு சீஷர்களுக்குக் கொடுத்ததைத்தான் அசரியா எடின்பரோவில் கேட்டார். இரண்டரை ஆண்டுகள் கழித்து, 1912 டிசம்பர் 29 அன்று, அதே அசரியா ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகக் கல்கத்தாவில் அபிஷேகம் பெற்றார்!

7. காந்தியை ‘மோகன்’ என்று கூப்பிட்டவர் யார் தெரியுமா?

சாணக்யபுரியிலிருந்து வடக்கே, பழைய டில்லியின் காஷ்மீரி கேட் பகுதி. அங்கே அப்போது இயங்கிவந்தது செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி. 1904-இல் அங்கே பாடம் சொல்ல வந்தார் ஆங்கிலேயரான சி. எஃப். ஆண்ட்ரூஸ். அங்கே ஆசிரியராயிருந்த சுசீல் குமார் ருத்ரா அவருக்கு உயிர்நண்பரானார். கல்லூரிக்கு முதல்வர் தேவைப்பட்டபோது, வெள்ளையர் ஆட்சியின் உச்சக்கட்டத்தில், என் நண்பர் ருத்ராவே வர வேண்டும் என்று ஆண்ட்ரூஸ் வாதாடினார். 1906-இல் ருத்ரா முதல்வரானார், அந்தக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர்! எடின்பரோவில் அசரியா கேட்கப் போவதை டில்லியில் ஒருவர் நான்கு ஆண்டு முன்பே செய்துவிட்டார்!

1914 ஜனவரியில் ஆண்ட்ரூஸ் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் இறங்கினார். எதிரே காந்தி. எல்லோரும் பார்க்க, குனிந்து அவர் பாதத்தைத் தொட்டார்! அங்கிருந்த வெள்ளையர்களுக்குப் பொறுக்கவில்லை. அன்று தொடங்கிய நட்பில் காந்திக்கு அவர் ‘சார்லி’, அவருக்குக் காந்தி ‘மோகன்’. மகாத்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட எத்தனை பேருக்கு உரிமை இருந்தது, சொல்லுங்கள்! 1915 ஏப்ரலில் காந்தி டில்லிக்கு வந்தபோது தங்கியது யார் வீட்டில்? முதல்வர் ருத்ராவின் வீட்டில்! பின்னாளில் கிலாபத் கோரிக்கைக்காக வைஸ்ராய்க்குக் காந்தி எழுதிய பகிரங்கக் கடிதம் உருவானதும் அந்தக் கூரையின் கீழேதான்.

ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வதைபட்ட ஒப்பந்தக் கூலிகளுக்காகவும் ஆண்ட்ரூஸ் போராடினார். மக்கள் அவருக்குத் தந்த பட்டம் ‘தீனபந்து’, ஏழைகளின் உறவினர்!

8. உண்ணாவிரதம் முடிந்தபோது என்ன பாடினார்கள் தெரியுமா?

1924-இல் இந்து முஸ்லிம் ஒற்றுமைக்காக டில்லியில் காந்தி 21 நாள் உண்ணாவிரதம் இருந்தார். ஆண்ட்ரூஸ் பக்கத்திலேயே இருந்து கவனித்துக்கொண்டார். அக்டோபர் 8, முடிக்கும் நாள். குர்ஆன் ஓதப்பட்டது, உபநிடதம் ஓதப்பட்டது. நடுவே, காந்தியின் மனதுக்கு நெருக்கமான, சிலுவையைப் போற்றும் ஒரு கிறிஸ்தவக் கீதத்தை ஆண்ட்ரூஸ் பாடினார். தன் விசுவாசத்தை மறைக்கவும் இல்லை, நண்பரின் விசுவாசத்தைக் குறைக்கவும் இல்லை. எத்தனை அழகு!

9. பெரியண்ணனும் சின்னண்ணனும் யார் தெரியுமா?

திருப்பத்தூரில் 1921-இல் கிறிஸ்துகுல ஆசிரமம் எழுந்தது. எழுப்பியவர்கள் இரண்டு மருத்துவர்கள். தமிழரான சவரிராயன் ஜேசுதாசன், ஸ்காட்லாந்தின் செல்வக் குடும்பத்தில் பிறந்த எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். இருவரும் கதர் உடுத்தினார்கள், மணம் செய்துகொள்ளாமல் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள், கோயில் பாணியில் ஜெபாலயம் கட்டினார்கள்.

ஊர் அவர்களை எப்படி அழைத்தது? தமிழர் ‘பெரியண்ணன்’, வெள்ளைக்காரர் ‘சின்னண்ணன்’! வெள்ளையர் ஆட்சி நடந்த நாட்டில் ஒரு வெள்ளைக்காரர் தம்பி முறையை மகிழ்ச்சியாக ஏற்றுக்கொண்டார். அசரியா கேட்ட நண்பர் திருப்பத்தூருக்கு நேரிலேயே வந்துவிட்டார்!

10. சைவப் புலவர் கிறிஸ்தவ நண்பருக்குக் கோவை பாடினார், தெரியுமா?

தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை (1879) எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை கிறிஸ்தவர். உ.வே.சா.வின் ஆசான் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பழுத்த சைவர். இருவர் நட்பின் சின்னமாக நிற்பது, நண்பரைப் பாட்டுடைத் தலைவராக வைத்து மகாவித்துவான் பாடிய ‘குளத்தூர்க் கோவை’!

தஞ்சைக்குப் போனால் இன்னொன்றும் பாருங்கள். 1798-இல் மறைந்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸுக்காக மன்னர் சரபோஜி லண்டன் சிற்பி ஃப்ளாக்ஸ்மனிடம் பளிங்குச் சிற்பம் செய்வித்தார்! மரணப்படுக்கையில் சுவார்ட்ஸ், அருகே மன்னர். கிரீடமும் அங்கியும் அங்கே சமமாகிவிடுகின்றன.

11. பதினோரு சிலைக்குப் பக்கத்தில் என்ன தெரு தெரியுமா?

மறுபடி சாணக்யபுரிப் பக்கம் வருவோம். சர்தார் படேல் மார்க்கில் ‘கியாரா மூர்த்தி’, அதாவது பதினோரு சிலை. முன்னே காந்தி, பின்னே பத்துப் பேர். வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. நம் மெரினாவின் உழைப்பாளர் சிலையைத் தந்த அதே கை! அந்தச் சிலையருகே வந்து சேரும் சாலையின் பெயர் மதர் தெரசா கிரசென்ட்.

1964-இல் பம்பாய்க்கு வந்த போப் ஆறாம் பவுல், தாம் பயணித்த காரை அன்னை தெரசாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்னை அதைக் குலுக்கல் பரிசாக வைத்துப் பணம் திரட்டினார். அந்தப் பணம் தொழுநோயாளிகளின் குடியிருப்புக்குப் போயிற்று. அதன் பெயர் என்ன தெரியுமா? சாந்தி நகர்! சாணக்யபுரியின் சாந்தி பத்தில் பளபளக்கும் கார்கள் ஓடுகின்றன, அங்கே ஒரு கார் விலகிப்போய் வீடுகள் வந்தன.

தூதரக வாசல்தோறும் காவலர் நிற்கிறார். உள்ளே ஓட்டுநரும் சமையற்காரரும் தோட்டக்காரரும் இருக்கிறார்கள். நம் வீட்டிலும் யாரோ ஒருவர் பாத்திரம் துலக்கிவிட்டுப் போகிறார். அவர்களிடம் நாம் அன்பாகத்தான் இருக்கிறோம். சம்பளம் கொடுக்கிறோம், பண்டிகைக்குத் துணி எடுத்துத் தருகிறோம். ஒரே மேசையில் உட்கார வைத்திருக்கிறோமா? அசரியா 1910-இல் கேட்டது அவர்கள் சார்பாகவும்தான். அடுத்த முறை உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்குபவர் வரும்போது, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தட்டு வைத்து, பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள். சிநேகிதர் என்று ஆண்டவர் சொன்ன அந்த இரவும் ஒரு பந்தியில்தான் தொடங்கியது!