ஊர் கூடிச் செய்த மருந்தாராய்ச்சி

ஏரிக்கரையைச் செப்பனிடும் குடிமராமத்து செந்துறை வட்டார விவசாயிகளுக்குப் புதிதன்று. முன்னாளில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியுடன் வருவார். கரை உயர்ந்தபின் நீர் யாவருடைய வயலுக்கும் பாயும். மருந்தாராய்ச்சியையும் இம்முறையில் நடத்தலாகுமா என்று நம் நாட்டில் ஒரு முயற்சி நடந்தது. அதனை ஈண்டு விளக்க விரும்புகிறோம்.

புதிய மருந்து காண்பது வழக்கமாகப் பெரிய கம்பெனிகளின் தொழில். கண்டதை இரகசியமாக வைத்து, காப்புரிமை பெற்று விற்பர். போட்ட முதல் திரும்ப வேண்டுமல்லவா? காசநோயோ பெரும்பாலும் ஏழைகளைப் பற்றுவது. வாங்கும் சக்தியற்றோருக்காக முதல் போட எவரும் விரையவில்லை. 1960-களில் ரிபாம்பிசின் வந்தபின், முற்றிலும் புதுவகையான காசநோய் மருந்துக்கு 2012 வரை உலகம் காத்திருக்க நேர்ந்தது.

2008 செப்டம்பரில் விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில், அதன் தலைமை இயக்குநர் சமீர் பிரம்மச்சாரியின் முயற்சியால், திறந்தமுறை மருந்துக் கண்டுபிடிப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. காசநோய்க் கிருமியின் மரபு எழுத்துகள் 44 லட்சமும் 1998-லேயே படிக்கப்பட்டுவிட்டன. ஏறத்தாழ 4,000 மரபணுக்கள் உள்ளன என்பதும் தெரிந்தது. ஆனால் அவற்றுள் பல என்ன வேலை செய்கின்றன என்பது விளங்கவில்லை. எதனை முடக்கினால் கிருமி மடியும் என்று அறிந்தாலன்றி மருந்துக்கு இலக்கு ஏது? ஆகவே கல்லூரி மாணவர்களுக்கு அழைப்பு விடுத்தனர். நூற்றுக்கணக்கானோர் மரபணுக்களைப் பங்கிட்டுக்கொண்டு, வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடிப் படித்து, ஒவ்வொன்றின் தொழிலையும் குறித்தனர். ஒருவர் எழுதியதை மற்றவர் சரிபார்த்தார். சில மாதங்களில் பணி முடிந்து 2010 ஏப்ரலில் முடிவு வெளியாயிற்று. அதனை எவரும் எடுத்தாளலாம். உழைத்தவர் பெயரைக் கூறவேண்டும், தாம் செய்யும் திருத்தத்தையும் பொதுவில் வைக்கவேண்டும் என்பதே நிபந்தனை.

இதனால் மருந்து கிடைத்ததா? இத்திட்டத்தின் புதிய மருந்து எதுவும் நோயாளியின் கைக்கு வரவில்லை. இலக்கைத் தேடப் பலர் கூடினால் போதும். மாத்திரையைச் சோதித்துத் தேற்றப் பெரும்பணமும் பல ஆண்டுகளும் வேண்டும். கரைக்கு மண் கொட்ட ஊரார் உண்டு, அணை கட்ட அரசாங்கம் விடாது நிற்க வேண்டும் என்பது நம் கருத்து.

பொதுமக்கள் பங்குகொண்ட ஆராய்ச்சி பெரும்பயன் தந்ததற்கு நம் மாநிலமே சாட்சி. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார் நோயாளிகளில் ஒரு பாதியினருக்குச் சானடோரியத்திலும், மறு பாதியினருக்கு அவரவர் வீட்டிலும் சிகிச்சை அளித்தனர். நெருக்கமான சிறு வீடுகளில் வாழ்ந்த ஏழைகளே அவர்கள். வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தனர். அதனால் குடும்பத்தாருக்கு நோய் மிகுதியாகத் தொற்றவுமில்லை. 1959-இல் இம்முடிவு வெளியானபின் உலகெங்கும் சிகிச்சைமுறை மாறியது.

ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கு இதில் வேலையுண்டு. இரு வாரங்களுக்கு மேல் இருமுவோரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புதல் வேண்டும். சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சத்துணவுக்கென 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய், சிகிச்சைக் காலம் முழுவதும், நோயாளியின் வங்கிக் கணக்கில் செலுத்தப்பெறுகிறது. கணக்கில்லாதவருக்கு அதனைத் தொடங்க உதவலாம். ஆராய்ச்சி திறந்திருக்கட்டும் என்றோமே, அது நோயாளியின் பெயருக்குப் பொருந்தாது. மன்றக் கூட்டத்தில் எத்தனை பேர் என்று மட்டும் கூறுக. இன்னார் என்று படிக்க வேண்டா.