வலைக்குடில்

கோடைக்காலத்து நண்பகலில் வீட்டினுள் இருப்போர் புழுக்கத்தால் வருந்துவர். கொல்லையில் நிற்கும் வேப்பமர நிழலோ மனத்திற்கு இதம் தரும். ஆயினும், மாலைப்பொழுது வந்ததும் கொசுக்கள் கூட்டமாகத் தோன்றி, அந்நிழலில் அமர்ந்திருப்போரை உள்ளே துரத்திவிடும். காற்று வருதல் வேண்டும். கொசு வருதல் கூடாது. இதற்கு வழி யாது? கம்பிவலையால் சூழப்பெற்ற சிறு குடிலே அவ்வழி.

இத்தகைய குடிலின் சிறப்பை உணர்த்தும் வரலாறு ஒன்று உண்டு. 1897ஆம் ஆண்டில் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர், மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டார். எனினும், சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றே அந்நோய்க்குக் காரணம் என்று பலர் இன்னும் நம்பினர். ஆதலால், பாட்ரிக் மான்சன் என்னும் அறிஞர் ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்தார். 1900ஆம் ஆண்டில் சாம்பன், லோ என்னும் மருத்துவர் இருவரும் அவர்தம் துணைவரும் இத்தாலியில் ரோம் நகரை அடுத்த சதுப்பு நிலத்தில் ஒரு மரக்குடிலில் குடியேறினர். அதன் கதவிலும் சாளரங்களிலும் கம்பிவலை பொருத்தப்பட்டிருந்தது. அவர்கள் பகலில் வெளியே உலாவினர். கதிரவன் மறையுமுன் குடிலுக்குள் புகுந்து, விடிந்த பின்னரே வெளிவந்தனர். இரவெல்லாம் சதுப்பு நிலக் காற்று வலையின் வழியே உள்ளே வீசியது. கொயினா மருந்தையும் அவர்கள் உண்ணவில்லை. அயலில் வாழ்ந்தோர் பலர் காய்ச்சலால் நலிந்தனர். இவர்களை அது அணுகவில்லை. குற்றம் காற்றினுடையதன்று, கொசுவினுடையதே என்பது தெளிவாயிற்று.

நம் கொல்லையிலும் இத்தகைய குடிலை அமைக்கலாம். நீர் தேங்காத மேட்டு நிலமாகவும், மரநிழல் படும் இடமாகவும் தேர்ந்துகொள்ளுதல் வேண்டும். மரக்கால்களைக் கருங்கல்லின்மேல் நிறுத்தினால் கறையான் அரிப்பது குறையும். தகரக் கூரையைவிடத் தென்னங்கீற்றுக் கூரை குளிர்ச்சி தரும். ஆனால், கீற்றின் இடுக்குகளில் கொசு நுழையுமாதலின் அதன் அடியிலும் வலை விரித்தல் வேண்டும். பக்கங்களில் மரச்சட்டம் அடித்து, அங்குலத்திற்குப் பதினாறு கண்களுக்குக் குறையாத வலையை இழுத்துப் பொருத்துக. கதவு வெளிப்புறமாகத் திறந்து, தானே மூடிக்கொள்வதாக இருத்தல் நன்று. உட்புறமாகத் திறந்தால், வலைமேல் அமர்ந்துள்ள கொசுக்களும் நம்முடன் உள்ளே வந்துவிடும் அன்றோ? மேற்குப் பக்கத்தில் முல்லையையோ அவரையையோ படரவிட்டால் மாலை வெயில் தடைப்படும். இலைகளிலிருந்து ஆவியாகும் நீர் காற்றையும் குளிர்விக்கும். தென்றல் வரும் திசையைமட்டும் கொடியால் மூடலாகாது.

மாணவர்களே! குடில் அமைத்ததோடு நம் கடமை முடிந்துவிடாது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு பகலிலும் கடிக்கும். கொட்டாங்கச்சியிலும் உடைந்த சட்டியிலும் தேங்கிய சிறிதளவு நீரே அது பெருகுவதற்குப் போதும். வலைக்குடில் அதனுள் இருப்போரை மட்டுமே காக்கும். தேங்கிய நீரை அகற்றுதல் அண்டை வீட்டாரையும் காக்கும். இரண்டையும் செய்வோரே அறிவுடையோர்.