முகதாட்சணியமும் மென்பொருளும்

விருந்துக்குப் போன வீட்டில் குழம்பில் உப்பு மிகுந்திருந்தாலும், "நன்றாக இருக்கிறது" என்று சொல்லியே எழுந்திருக்கிறோம். இதற்கு முகதாட்சணியம் என்று பெயர். குழம்போடு நின்றால் கேடில்லை. கைப்பேசிக்கு மென்பொருள் இயற்றுவோர் மக்களிடம் வந்து அபிப்பிராயம் கேட்கும்போதும் இதே தாட்சணியம் குறுக்கே நிற்கிறது.

பெங்களூரில் இதனை அளந்தே பார்த்திருக்கிறார்கள். நிக்கோலா டெல் என்னும் ஆராய்ச்சியாளரும் உடன் பணியாற்றியோரும் 450 பேரை விசாரித்து எழுதிய ஆய்வுரை 2012-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அணுவளவும் வேற்றுமையில்லாத இரண்டைக் காட்டி, அவற்றுள் ஒன்று கேட்பவரே உருவாக்கியது என்று உணர்த்தினார்கள். அதையே சிறந்ததென்று சொல்லும் போக்கு ஏறத்தாழ 2.5 மடங்கு மிகுந்திருந்தது. கேட்பவர் வெளிநாட்டவராகி, இடையில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நின்றபோது அது 5 மடங்காயிற்று. அவருடையதன் தரத்தை வெளிப்படையாகக் குறைத்துக் காட்டியபோதுங்கூட அதற்கே ஆதரவு கிடைத்தது!

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எங்களுக்கு இந்த 5 மடங்கு சற்று உறுத்துகிறது. சொல்லைப் பெயர்த்துவிடுகிறோம், கேட்பவருடைய உடையையும் படிப்பையும் பதவியையும் கண்டு பதில் சொல்பவரின் மனத்தில் எழும் தயக்கத்தைப் பெயர்க்க அகராதி ஏது?

வெளிமாநிலத்தில் வாழும் நேயர்கள் இதைத் தமக்கே பொருத்திப் பார்க்கலாம். கன்னடத்திலோ இந்தியிலோ ஒருவர் வந்து வினவுகிறார், பாதிதான் புரிகிறது, "சரிதான்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்தச் "சரிதான்" கணக்கில் ஏறுகிறது. வங்கிக்கோ நியாயவிலைக் கடைக்கோ உரிய செயலி அதனை நம்பி அமைந்துவிட்டால், பிறகு அதன்முன் நின்று திணறுபவரும் நாமே.

வாய்ச்சொல்லோடு நில்லாமல் கைச்செயலையும் கவனிப்பது ஒரு வழி. பெங்களூரிலுள்ள மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த இந்திராணி மேதியும் குழுவினரும் அவ்வாறே செய்தார்கள். எழுத்தறியாத வீட்டு வேலைப் பெண்கள் வேலை தேடுவதற்கென, எழுத்தே இல்லாமல் படமும் குரலும் கொண்ட மென்பொருளை அவர்கள் அமைத்தார்கள். அதைப் பற்றிய ஆய்வுரை 2006-இல் வந்தது. படம் நன்றாயிருக்கிறதா என்று மட்டும் கேட்டிருந்தால், நன்றாயிருக்கிறது என்றே விடை வந்திருக்கும். பயன்படுத்தச் சொல்லிப் பார்த்தபோதுதான் படித்தவர் கண்ணும் அப்பெண்களின் கண்ணும் வேறென்பது தெரிந்தது. குழாயிலிருந்து நீர் விழுவதாகவும் கெண்டியிலிருந்து ஆவி எழுவதாகவும் வரைந்த பின்னரே, படம் குறிப்பது பொருளையன்று, செய்யவேண்டிய வேலையை என்பது அவர்களுக்கு விளங்கிற்று.