நோயுற்ற மீனும் நோயுற்ற நீரும்

நுழையும்முன்

வீட்டுக் கூடத்திலும் கடை முகப்பிலும் கண்ணாடித் தொட்டிகளில் வண்ணமீன்கள் நீந்துவதைக் காண்கிறோம். அழகுக்காக வாங்கப்படும் அவ்வுயிர்கள், வாங்கியவரின் ஆர்வம் குறைந்ததும் கவனிப்பாரின்றிப் போவதும் உண்டு. குரலெழுப்ப இயலாத ஓர் உயிரின் நோயை எவ்வாறு அறிவது, அதனை எவ்வாறு மீட்பது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

தங்கமீனின் வாழ்நாள்

சீன நாட்டில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த நன்னீர் மீன்களிடையே அரிதாகத் தோன்றிய பொன்னிறக் குஞ்சுகளைத் தனியே பிரித்து வளர்த்தனர். அவற்றின் வழிவந்ததே இன்று உலகெங்கும் வளர்க்கப்படும் தங்கமீன். சென்னையில் அலங்கார மீன் வணிகத்திற்குப் பெயர்பெற்ற கொளத்தூர்க் கடைகளிலும் இம்மீனைக் காணலாம். விரல் நீளக் குஞ்சாக வாங்கப்படும் தங்கமீன், போதிய இடமும் தூய நீரும் கிடைத்தால் ஒரு சாணுக்கும் மேலாக வளரும். பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழும். இங்கிலாந்தில் 1956ஆம் ஆண்டு ஒரு கண்காட்சியில் பரிசாகக் கிடைத்த 'டிஷ்' என்னும் தங்கமீன் 43 ஆண்டுகள் வாழ்ந்து 1999இல் இறந்தது.

இத்துணை நீண்ட ஆயுள் கொண்ட உயிர், சிறிய கண்ணாடிக் குடுவையில் சில மாதங்களிலேயே மடிவது ஏன்? பலர் அதனை மீனின் விதியென்றே எண்ணிவிடுகின்றனர். உண்மையில் அவற்றுள் பெரும்பாலானவை நீரின் கேட்டினால் நேரும் இறப்புகள், தவிர்க்கக் கூடியவை.

உடல் பேசும் மொழி

நோயுற்ற மீன் தன் துன்பத்தை உடலாலும் நடத்தையாலும் வெளிப்படுத்துகிறது. துடுப்புகளை உடலோடு ஒடுக்கிக்கொண்டு ஒரு மூலையில் அசையாது கிடத்தல், உணவை நாடாமை, நீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து மூடுதல், செவுள்மூடிகள் விரைந்து அசைதல், கற்களில் உடலை உரசுதல் ஆகியன முதல் அறிகுறிகள். துடுப்பின் ஓரம் கிழிந்து வெளுத்தால் துடுப்பழுகல் எனலாம். உடலெங்கும் உப்புத் தூள் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றினால் அது வெண்புள்ளி நோய். வயிறு வீங்கிச் செதில்கள் சிலிர்த்து நின்றால் உள்ளுறுப்புகள் பழுதுபட்டுள்ளன என்று பொருள்.

இவற்றைக் கண்டதும் மருந்தைத் தேடி ஓடுவது மனித இயல்பு. ஆனால், மீனைப் பொறுத்தவரை முதலில் ஆராய வேண்டியது நீரையே ஆகும். நமக்குக் காற்று எப்படியோ அப்படியே மீனுக்கு நீர். அது மூச்சுவிடுவதும் உண்பதும் கழிவை வெளியேற்றுவதும் அந்நீரிலேதான்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

மீன் தன் உடலில் உண்டாகும் அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள்கள் வழியாக நீரில் வெளியிடுகிறது. உண்ணாது எஞ்சிய உணவும் கழிவும் அழுகும்போது மேலும் அம்மோனியா உண்டாகிறது. குளத்திலும் ஆற்றிலும் அது பரந்த நீரில் கலந்து நீர்த்துப்போகும். குடுவையிலோ தேங்கி நின்று செவுள்களை அரிக்கும். நீர் பளிங்குபோல் தெளிந்திருந்தாலும் அதில் இந்நஞ்சு நிறைந்திருக்கலாம்.

இயற்கை இதற்கொரு மாற்று வைத்துள்ளது. நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரோஸ்பைரா போன்றவை அந்த நைட்ரைட்டை, தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. வடிகட்டியின் பஞ்சிலும் அடியிலுள்ள கூழாங்கற்களிலும் இவை ஒட்டி வாழும். புதிய தொட்டியில் இவை போதிய அளவு பெருக ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். தொட்டியை வாங்கிய அன்றே மீன்களை நிறைப்பதும், வடிகட்டிப் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய் நீரில் பிழிந்து கழுவுவதும் மீன்களுக்குக் கேடாக முடிவது இதனால்தான்.

அவசர இரக்கம் தரும் ஆபத்து

கவனிப்பாரற்ற தொட்டி ஒன்று நம் பொறுப்பில் வருகிறது என்று கொள்வோம். நீர் மஞ்சளித்திருக்கிறது, அடியில் கழிவு படிந்திருக்கிறது, ஒரு மூலையில் தங்கமீன் சோர்ந்து கிடக்கிறது. முழு நீரையும் கொட்டிவிட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவிப் புதுநீர் நிரப்ப வேண்டும் என்றே எவருக்கும் தோன்றும். நல்லெண்ணத்தில் செய்யும் அச்செயலே மீனின் உயிரைப் பறித்துவிடக் கூடும்.

இதன் காரணத்தை வேதியியல் விளக்குகிறது. பாக்டீரியாக்கள் அம்மோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. நீண்ட நாள் மாற்றப்படாத நீர் இதனால் மெல்ல மெல்ல அமிலத்தன்மை அடைகிறது. அமில நீரில் அம்மோனியாவின் பெரும்பகுதி, நச்சுத்தன்மை மிகக் குறைந்த அம்மோனியம் என்னும் வடிவில் இருக்கும். அந்நீரில் காரத்தன்மையுள்ள புதுநீரைத் திடீரென மிகுதியாகச் சேர்த்தால் அம்மோனியம் மீண்டும் நச்சு அம்மோனியாவாக மாறிவிடும். பிஎச் மதிப்பு 7இலிருந்து 8ஆக உயரும்போது இந்நச்சு வடிவத்தின் விகிதம் ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. பழைய நீரை முற்றிலும் நீக்கிவிட்டாலும் இடர் நீங்குவதில்லை. பிஎச் மதிப்பிலும் கரைந்துள்ள உப்புகளின் அளவிலும் நேரும் திடீர் மாற்றத்தை நலிந்த உடல் தாங்குவதில்லை.

ஆகவே, மெல்லக் கெட்ட நீரை மெல்லவே சீராக்க வேண்டும்.

பேணும் முறை

முதலில் காற்றுக்குழாய் பொருத்தி நீரில் ஆக்சிஜன் அளவை உயர்த்த வேண்டும். 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 பாகையில் அது ஏறத்தாழ 7.5 மில்லிகிராமாகக் குறையும். வெப்பம் மிகுந்த நம் ஊர்க் கோடையில் காற்றுக்குழாயின் தேவை இன்னும் மிகுதி. தொட்டியை நேரடி வெயில் படாத இடத்தில் வைத்தல் நலம்.

அடுத்து, ஓரிரு நாள் உணவை நிறுத்த வேண்டும். இது கொடுமையன்று. வளர்ந்த தங்கமீன் சில நாள்கள் உணவின்றி இருக்க வல்லது. தங்கமீனுக்கு இரைப்பை இல்லை. உண்டது நேரே குடலுக்குச் செல்கிறது. மிகையாக இடும் உணவு மிகையான கழிவாகவே நீரில் சேரும்.

மூன்றாவதாக, நீர் மாற்றம். நாள்தோறும் பத்து முதல் பதினைந்து விழுக்காடு நீரை மட்டும் மாற்ற வேண்டும். 20 லிட்டர் தொட்டியெனில் 2 முதல் 3 லிட்டர் போதும். அடிக் கழிவைக் கலக்கிவிடாமல் மெல்லிய குழாய் கொண்டு சிறிது சிறிதாக உறிஞ்சி எடுத்தல் வேண்டும். குழாய் நீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் அதிலுள்ள குளோரின் வெளியேறிவிடும். குளோரமின் கலந்த நீராயின் இம்முறை பயன்தராது. அதற்குரிய நீர்ச்சீராக்கியைச் சேர்க்க வேண்டும். வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் சோதனைக் கருவியால் அம்மோனியா, நைட்ரைட், பிஎச் அளவுகளை நாள்தோறும் அறிந்து குறித்துவருவது சிறந்த பழக்கம்.

நான்காவதாக, உப்பு. நன்னீர் மீனின் உடலுக்குள் சவ்வூடு பரவலால் நீர் ஓயாது புகுகிறது. உடலின் உப்புகள் வெளியே கசிகின்றன. இதனை ஈடுசெய்யவே மீன் தன் ஆற்றலில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கல்லுப்பைக் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் அச்சுமை குறையும். நைட்ரைட் செவுள் வழியே இரத்தத்தில் புகுந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைச் செயலிழக்கச் செய்யும். உப்பிலுள்ள குளோரைடு அதன் நுழைவைத் தடுக்கும். நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. ஆதலால், மாற்றிய நீரின் அளவுக்கு மட்டுமே பின்னர் உப்புச் சேர்க்க வேண்டும்.

மருந்து எப்போது?

நீர் சீரானதும் பல மீன்கள் வேறு மருந்தின்றியே தேறுகின்றன. ஒடுங்கிய துடுப்பு விரியும்; மீன் மூலையை விட்டு வெளிவரும்; பின்பு உணவை நாடும். அழுகிய துடுப்பின் ஓரத்தில் கண்ணாடிபோன்ற மெல்லிய புதுப்படலம் வளரத் தொடங்கும்.

ஒட்டுண்ணி நோய்க்கு மருந்து தேவைப்படும். வெண்புள்ளி நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி, தோலுக்கடியில் இருக்கும்போது மருந்து அதனைத் தாக்குவதில்லை. அது மீனைவிட்டு உதிர்ந்து, பலவாகப் பெருகி, நீரில் நீந்தும் பருவத்திலேதான் அழியும். புள்ளிகள் மறைந்ததும் மருந்தை நிறுத்தினால் நோய் மீளும். நோய் இன்னதென்று அறியாமல் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளைத் தொட்டியில் கொட்டுவது நன்மை செய்யும் பாக்டீரியாக்களையும் அழிக்கக் கூடும். ஐயமிருப்பின் கால்நடை மருத்துவரையோ மீன்வளக் கல்லூரியினரையோ நாட வேண்டும். தமிழ்நாட்டில் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977 முதல் இயங்கிவருகிறது.

எல்லா மீனும் பிழைப்பதில்லை. செதில் சிலிர்த்த நிலையை அடைந்தவற்றுள் பல மீள்வதில்லை. அந்நிலையிலும் தூய நீரும் அமைதியான இடமும் தருவது வீண்முயற்சி ஆகாது. அது அவ்வுயிரின் துன்பத்தைக் குறைக்கிறது.

சட்டமும் கடமையும்

மீனுக்கு வலி உண்டா என்னும் ஐயம் நெடுநாள் இருந்தது. 2003ஆம் ஆண்டு லின் ஸ்னெடன் என்னும் அறிவியலறிஞரும் அவருடைய குழுவினரும், தீங்கு தரும் தூண்டலை உணரும் நரம்பு முனைகள் வானவில் டிரவுட் மீனின் தலைப்பகுதியில் இருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டனர். விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960 மனிதரல்லாத எல்லா உயிரினங்களையும் விலங்கு என்றே வரையறுக்கிறது; அவற்றை வைத்திருப்போர் அவற்றின் நலத்தைப் பேண வேண்டுமென விதிக்கிறது. உயிர்களிடத்துப் பரிவு காட்டுதல் குடிமக்களின் அடிப்படைக் கடமை என்கிறது அரசமைப்பின் 51அ பிரிவு.

வளர்க்க இயலாத மீனை ஏரியிலோ ஆற்றிலோ விடுவது பரிவாகாது. தொட்டியின் பாசியைத் தின்பதற்காக வாங்கப்பட்ட உறிஞ்சுவாய்க் கெளுத்திகள் நம் நீர்நிலைகளில் பெருகி, நாட்டு மீன்களுக்கு இடையூறாகிவிட்டன. வளர்க்க இயலாதவர், இயன்றவரிடம் ஒப்படைப்பதே முறை.

மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என நான்கு கூறுகளை உடையது என்கிறார் வள்ளுவர். நோயுற்ற மீனுக்கு நல்ல நீரே முதல் மருந்து. அம்மருந்தை அளவறிந்து, காலமறிந்து, நாள்தோறும் தருபவரே பேணுபவர். நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் நீரும் சிறிது பொறுமையும் கொண்டு எந்த மாணவரும் அவ்விடத்தை ஏற்கலாம்.