வசனக் கீலங்கள்: ஆறு துண்டுக் கடதாசியில் ஒரு வாசிப்பு வகுப்பு

புத்தகத்தைப் பார்த்துக் கடகடவென்று சொல்லும் பிள்ளை உண்மையில் வாசிக்கிறதா, அல்லது கேட்டுப் பாடமாக்கியதை ஒப்புவிக்கிறதா? வன்னியில் நான் சந்தித்த ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் பலருக்கும் இதுதான் தலையிடி. அதைக் கண்டுபிடிக்க மலிவான வழி ஒன்று உண்டு. ஒரு சிறு கதையை வசனம் வசனமாக அச்சிட்டு, கீலங்களாக வெட்டி, கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொல்வது.

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு தரம் 4 வகுப்பில் இதைப் பார்த்தேன். கீலங்களில் இருந்தவை இவை:

ஆச்சி பனங்கொட்டைகளைப் பொறுக்கினார்.
பாத்தி கட்டி அவற்றை அடுக்கினார்.
சில மாதங்களில் கிழங்குகள் மண்ணுக்குள் இறங்கின.
ஆச்சி பாத்தியைக் கிண்டிக் கிழங்குகளை எடுத்தார்.
அவற்றைப் பிளந்து வெயிலில் காயவிட்டார்.
காய்ந்த ஒடியலை இடித்துக் கூழ் காய்ச்சினார்.

ஒரு குழு ஐந்தாவது கீலத்தை முதலாவதுக்குக் கீழே வைத்துவிட்டது. கொட்டையைப் பிளந்தால் பூரான்தானே வரும், அதை ஏன் காயவிட வேண்டும் என்று ஒரு சிறுமி சண்டைக்குப் போனாள். ‘அவற்றை’ என்பது கொட்டையா கிழங்கா என்ற அந்தச் சண்டைதான் பாடம். ‘அவற்றை’, ‘பிறகு’, ‘ஆனால்’ போன்ற சொற்கள் இல்லாத கதை இதற்கு உதவாது. ‘எங்கள் வீட்டில் பசு உண்டு, மாமரம் உண்டு’ என்று எழுதினால் எதை எங்கே வைத்தாலும் சரிதான். பிள்ளைக்கு யோசிக்க ஒன்றும் இல்லை.

செய்முறை பெரிதல்ல. ஏ4 தாளைக் கிடையாக வைத்து, மேலும் கீழும் 1.5 சென்ரிமீற்றர் விட்டால் 18 சென்ரிமீற்றர் மிஞ்சும். 3 சென்ரிமீற்றர் உயரத்தில் ஆறு கட்டங்கள் கொண்ட அட்டவணை போட்டு, கட்டத்துக்கு ஒரு வசனம், எழுத்து 24 புள்ளி அளவில். இலக்கம் போட வேண்டாம். எல்லாக் கீலமும் ஒரே அளவாக, நேராக வெட்டப்பட வேண்டும். கையால் கிழித்தால் பிள்ளைகள் வசனத்தை விட்டுவிட்டு ஓரங்களைப் பொருத்திப் பார்ப்பார்கள். மகா கெட்டிக்காரர்கள்!

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒன்று: அந்த எழுத்துரு இல்லாத போட்டோக்கொப்பிக் கடையில் உங்கள் கதை ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும். பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள்.

24 பிள்ளைகள் என்றால் நால்வர் கொண்ட ஆறு குழு, ஆறு தாள், 36 கீலங்கள். ஒவ்வொரு தொகுதியின் பின்புறமும் ஒரு நிறப் புள்ளி இட்டால், நிலத்தில் விழுந்த கீலம் எந்தக் கடித உறைக்குரியது என்று தெரியும். லமினேற் செய்யக் காசில்லாவிட்டால் பிஸ்கட் பெட்டி மட்டையில் ஒட்டலாம். 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. ஒருமுறை செய்த கீலம் பல வகுப்புகளுக்கு உழைக்கும். தடைக்காலத்தில் கொப்பித் தாளிலும் பத்திரிகை அச்சடித்த எங்களுக்குக் கடதாசிச் சிக்கனத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதை வீட்டிலும் செய்யலாம் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த வகுப்புப் பிள்ளையொன்றின் தாய் 2009இல் தரம் 7 மாணவி. மெனிக்பாம் முகாமிலிருந்து ஊர் திரும்பிய பின் அவர் பாடசாலைக்குப் போகவில்லை. மகளின் புத்தகத்தைத் திறக்கவே கூச்சம் என்றார். இவரைப் போன்ற பெற்றோர் எங்கள் ஊர்களில் நிறையப் பேர். ஆனால் ஒடியல் போடுவது அவருக்கு அத்துப்படி. பழைய கலண்டர் தாளின் பின்புறத்தில் அதே கதையைக் கையால் எழுதி வெட்டியிருந்தார்.

அவருடைய தொகுதியில் ஏழு கீலங்கள். ஏழாவதில், கொட்டையை வெட்டிப் பூரான் சாப்பிட்டது. அது நான்காவதற்குப் பிறகும் வரலாம், ஐந்தாவதற்குப் பிறகும் வரலாம். மகள் எங்கே வைத்தாலும், ஏன் அங்கே வைத்தாய் என்று மட்டும் கேட்கிறார்.