இமாமின் பெயரால் ஒரு வஞ்சகம்



பள்ளிவாசல் இமாமின் சொல்லுக்கு நம் இல்லங்களில் தனி மரியாதை உண்டு. ஏழைக்கென்று அவர் உதவி கேட்டால், மறுபேச்சின்றிக் கொடுத்துப் பழகியவர்கள் நாம். அந்த நல்லெண்ணத்தையே முதலாக்கி வஞ்சகர் சிலர் வாணிபம் நடத்துகின்றனர்.

அமெரிக்காவில் பாதிரியார், யூத ரப்பி, இமாம் ஆகியோரின் பெயரால் போலி மின்னஞ்சல்கள் உலவுவதாக அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2019ஆம் ஆண்டில் எச்சரித்தது. நற்காரியம் ஒன்றைச் சொல்லி, 'பரிசு அட்டைகள் வாங்கி அவற்றின் எண்களை அனுப்புங்கள்' என்று மடல் வேண்டும். எண் கைமாறினால் பணமும் கைமாறிவிடும். மீட்பது மிகக் கடினம்.

இஃது எவ்வாறு இயலும்? கடித உறையின் மீது அனுப்புநர் பெயரை எவரும் எழுதலாம் அன்றோ! மின்னஞ்சலிலும் அவ்வாறே. திரையில் தோன்றும் பெயர், அனுப்புபவரே இட்டுக்கொண்டது. முகவரியை முழுமையாக நோக்கினால் ஓரெழுத்து மாறியிருக்கக் காணலாம். இமாமின் கணக்கையே திருடியிருந்தாலோ, முகவரியும் சரியாகவே இருக்கும்!

ஆகவே, பணம் கேட்டு மடல் வந்தால் அதற்கு மறுமொழி எழுதாதீர்கள். மடலில் உள்ள எண்ணை விடுத்து, முன்பே நீங்கள் அறிந்த எண்ணில் இமாமையோ முத்தவல்லியையோ அழைத்துக் கேளுங்கள். தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் பணிக்கிறது. விசாரிப்பது இமாமை அவமதிப்பதாகாது. மார்க்கம் கற்பித்த ஒழுக்கமே ஆகும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் கடமை உண்டு. 'மின்னஞ்சலில் எவரிடமும் பணம் கேட்கமாட்டோம்' என்று ஜும்ஆவில் அறிவியுங்கள். பைத்துல்மாலின் வங்கிக் கணக்கு எண்ணை அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். பள்ளிவாசலின் மின்னஞ்சலுக்குக் கடவுச்சொல்லுடன் இரண்டாவது சரிபார்ப்பையும் அமையுங்கள்.

இந்தியாவில் ஏமாற்றப்பட்டவர்கள் தாமதியாமல் 1930 என்ற எண்ணிலும், தம் வங்கியிலும் முறையிட வேண்டும். அவர்களை எவரும் ஏளனம் செய்யலாகாது. ஏளனத்திற்கு அஞ்சி ஒருவர் வாய்மூடினால், அதே வலையில் அடுத்த வீட்டாரும் வீழ்வர்.

ஜகாத்தும் ஸதகாவும் ஏழைகளின் உரிமை. நம் கையில் உள்ள அமானிதம். அது உரியவரைச் சென்றடைகிறதா என்று பார்ப்பதும் நம் பொறுப்பே. கொடுக்கும் கரம் தளர வேண்டாம். காணும் கண் விழித்திருக்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் வஞ்சகரின் தீங்கினின்றும் காப்பானாக! ஆமீன்.