விருந்தும் மருந்தும்

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது நம் பெரியோர் வாக்கு. ஆனால் காசநோய்க்கு மருந்து 6 மாதம். அத்தனை நாளும் அந்த மருந்து, நாம் உண்ணும் சோற்றோடும் குழம்போடும் சேர்ந்தே உடலுக்குள் குடித்தனம் நடத்த வேண்டியிருக்கிறது. அப்போது சில விந்தையான தொல்லைகள் தலைகாட்டுவதுண்டு. அவற்றுள் ஒன்று எங்கள் குடும்பத்திலேயே நேர்ந்தது.

கோபிக்கு அருகில் தோட்டத்தில் குடியிருக்கும் என் அப்பிச்சிக்கு சென்ற ஆண்டு காசநோய் கண்டது. மருந்து தொடங்கிய ஒரு மாதத்தில் இருமல் அடங்கி, முகமும் தெளிந்தது. எல்லோரும் மகிழ்ந்திருந்த வேளையில் தோளிலும் முழங்காலிலும் வலி வந்தது. காலையில் வேட்டி கட்டக்கூட விரல் மடங்கவில்லை. "வாதம் வந்திருச்சு கண்ணு, எல்லாம் இந்த மாத்திரைச் சூடுதான்" என்றவர், எவரிடமும் கேளாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மிச்சிக்குக்கூடத் தெரியாது. விடுமுறைக்குப் போயிருந்த நான்தான் தலையணை உறைக்குள் 12 நாள் மாத்திரைகளைக் கண்டேன். "அம்மாகிட்டச் சொல்லாதே சாமி" என்று கேட்டுக்கொண்டார். நான் சொல்லிவிட்டேன். அதற்காக இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி எனக்கு வியப்பாக இருந்தது. "போன மாசம் சாப்பாடு ஒத்துக்காம வயித்தால போச்சுங்களா?" என்றார். மூட்டுக்கும் வயிற்றுக்கும் என்ன உறவு? இருக்கிறதாம். கெட்டுப்போன உணவிலிருக்கும் சால்மோனெல்லா போன்ற கிருமிகளால் பேதி கண்ட சிலருக்கு, வயிறு சரியாகி ஒன்று முதல் நான்கு வாரம் கழித்து மூட்டுகள் வீங்கிக்கொள்ளும். மூட்டுக்குள் உயிருள்ள கிருமி இராது. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடலின் காவற்படை, வழி தவறி நம் மூட்டையே தாக்குகிறது. பலருக்கு இது சில மாதங்களில் தணிந்துவிடும்.

அப்பிச்சிக்கு அப்படி ஏதும் நேரவில்லை. ஆகவே மருத்துவர் மாத்திரையின் பக்கம் திரும்பினார். காசநோய்க்கு முதல் 2 மாதம் கொடுக்கப்படும் நான்கு மருந்துகளில் ஒன்று பைரசினமைடு. இது உடலில் மாறி உண்டாகும் ஒரு பொருள், சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றுவதைத் தடுத்துவிடுகிறது. இரத்தத்தில் அந்த அமிலம் ஏறுகிறது. சிலருக்கு மூட்டு வலிக்கிறது. வாதம் போலவே தோன்றினாலும் இது வாதமன்று. பெரும்பாலும் வலிக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதும். பைரசினமைடு முடிந்ததும் வலியும் போய்விடும். ஆனால் நடுவில் நிறுத்தினால், எஞ்சிய கிருமிகள் பெருகி, மருந்துக்கு அடங்காதவையாக மாறக்கூடும். பிறகு அதே மாத்திரைகள் பயன்படாமலே போகலாம். இதைக் கேட்டபோதுதான் அம்மிச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பள்ளிக்குத் திரும்பியதும் எங்கள் உயிரியல் சிஸ்டரிடம் இதைச் சொன்னேன். அவர்கள் இன்னொரு செய்தி சொன்னார்கள். இலங்கையில் வெலிசறை மார்பு நோய் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் உரகொட, காசநோயாளர் சிலருக்கு மீன் உண்டபின் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடப்பதைக் கவனித்தார். அது சூரை மீன். மாசிக்கருவாடு செய்வார்களே, அந்த மீன். 1977ஆம் ஆண்டு அவரும் கொட்டேகொட என்பவரும் இதற்கான காரணத்தை விளக்கிக் கட்டுரை எழுதினார்கள்.

சூரை, அயிலை, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் மிகுதி. மீனைப் பிடித்தவுடன் பனிக்கட்டியில் வைக்காவிட்டால், கிருமிகள் அதை ஹிஸ்டமின் ஆக்கிவிடும். கொதிக்கக் கொதிக்கக் குழம்பு வைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. நாற்றமும் காட்டிக் கொடுக்காது. கொஞ்சமாக இருந்தால் நம் குடலிலுள்ள ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். காசநோய் மருந்தான ஐசோனியசிட் அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுகிறது! ஆகவே ஒரே சட்டி மீனை உண்ட வீட்டாருக்கு ஒன்றும் இராது. நோயாளிக்கு மட்டும் உடம்பெல்லாம் சிவக்கும். இவரோ மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அதை நிறுத்திவிடுவார்.

நம் கோவைக்குக் கடல் இல்லை. உக்கடம் சந்தைக்கு மீன் நெடுந்தொலைவு பயணம் செய்தே வருகிறது. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விலக்கி மீன் சமைக்கும் வீடுகளில் ஐசோனியசிட் உண்பவர் இருந்தால், மீன் வாங்கும்போது பனிக்கட்டியைக் கவனிப்பது நல்லது. சூரை போன்றவற்றை மருந்து முடியும்வரை தள்ளிவைத்தால் இன்னும் நல்லது.

முன்பெல்லாம் காசநோயாளரைச் சானடோரியத்துக்கு அனுப்புவார்கள். நம் பெருந்துறையிலும் ஒன்று இருந்தது. சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையத்தில் டாக்டர் வாலஸ் பாக்ஸ் குழுவினர் 193 நோயாளிகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். பாதிப்பேர் சானடோரியத்தில், மற்றவர் தத்தம் எளிய வீடுகளிலே. 1959இல் வெளியான முடிவு உலகையே வியக்க வைத்தது: வீட்டில் மருந்துண்டவர்களும் ஏறத்தாழ அதே அளவு தேறினார்கள். அதனால்தான் அப்பிச்சி இன்று தம் திண்ணையில் இருந்தபடியே நலம் பெற முடிந்தது. ஆனால் திண்ணையில் நர்ஸ் இல்லை. என்ன உண்டார், எங்கே வலித்தது என்று பார்க்க அம்மிச்சியும் நாங்களும்தான்.

மூட்டுவலியை எண்ணெய் தேய்த்துப் பார்த்துக்கொண்டு சில நாள் பொறுத்திருக்கலாம் என்று சிலர் நினைக்கலாம். கண் மஞ்சளானாலோ ஓயாமல் வாந்தி வந்தாலோ அந்தப் பொறுமையும் கூடாது. அது ஈரல் கெடுவதன் அடையாளமாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

விட்ட நாட்களையும் ஈடுகட்டி அப்பிச்சி மருந்தை முடித்தார். கடைசி நாளன்று வெற்று அட்டைகளையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டு என் கையில் கொடுத்து, "எண்ணிப் பாத்துக்கோ சாமி" என்றார்.